வாம்பயர் வேட்டைக்காரன்: ஆப்பா, கத்தியா?

1. பழுப்புத்தாள்

"பேய்க்கதைகளில் பிடித்த பாத்திரம்" இழையில் கோட்டைக்காவலன் நேற்று எழுதியது இது: "டிராகுலா நெஞ்சில் மர ஆப்பை வைத்து வான் ஹெல்சிங் அடித்தாரே ஒரே அடி, வாம்பயர் வேட்டைக்காரனின் மொத்தக் கவர்ச்சியும் அந்த அடியில்தான். மிச்சமெல்லாம் பக்கம் நிரப்புகிற வேலை." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

பிராம் ஸ்டோக்கரின் 1897 'டிராகுலா' நாவலில் அப்படி ஓர் அடியே கிடையாது. நவம்பர் 6, சூரியன் இறங்கும் நேரம். கோட்டைக்குப் போகும் பாதையில் டிராகுலா படுத்திருக்கும் பெட்டியை ஜிப்சிகள் வண்டியில் கொண்டுபோகிறார்கள். வேட்டைக் குழுவில் இருவர்: ஒரு பக்கம் ஜோனதன் ஹார்க்கர் குக்ரி என்ற வளைகத்தியால் மூடியை நெம்புகிறார், மறுபக்கம் குவின்சி மாரிஸ் பௌவி என்ற வேட்டைக்கத்தியால். மூடி பெயர்ந்ததும் குக்ரி கழுத்தை அறுக்கிறது, அதே கணத்தில் பௌவி நெஞ்சில் இறங்குகிறது. குழுவின் தலைவர் வான் ஹெல்சிங் அப்போது மேலே பாறை மறைவில் ஜோனதனின் மனைவி மினாவுக்குக் காவல் நிற்கிறார். டிராகுலாவை அவர் தொடவே இல்லை. ஆப்பு அந்த இடத்திலேயே இல்லை.

"பக்கம் நிரப்புகிற வேலை" என்று தள்ளியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேட்டை என்பதே அந்த வேலைதான். டிராகுலா ஒளிந்துறங்க இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது சொந்த ஊர் மண் நிரப்பிய 50 பெட்டிகள். அதில் 29 அவன் வாங்கிய கார்ஃபாக்ஸ் வீட்டிலேயே இருக்கின்றன. மற்றவை லண்டனில் சிக்ஸாண்ட் தெருவுக்கு 6, பெர்மண்ட்சிக்கு 6, பிக்காடில்லிக்கு 9 என்று போயிருக்கின்றன. இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது? வண்டிக்காரர்களைத் தேடிப்பிடித்து, தாகத்துக்குக் காசு கொடுத்து, கூலிச்சீட்டுகளைப் பார்த்து எடுத்தது. பிக்காடில்லி வீட்டைத் திறந்தால் 8 பெட்டிதான் இருக்கிறது. அந்த ஒன்று குறைகிற இடத்தில் வாசகனுக்கு வயிறு கலங்குகிறதே, கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

2. கோட்டைக்காவலன்

வந்துட்டார் வாத்தியார். பூட்டின இழையைத் தோண்டி எடுத்து என் பேரைப் போட்டு இழை திறந்தாச்சு.

சார், தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்தி "வாம்பயரை எப்படிக் கொல்வது" என்று கேளுங்கள். பத்துப் பேரும் நெஞ்சில் ஆப்பு என்பார்கள். குவின்சி மாரிஸ் யார் என்று கேளுங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. வண்டிக்கூலிச் சீட்டைப் பார்த்து யாராவது வேட்டைக்காரன் மேல் மோகம் கொள்வார்களா? டிராகுலா கடித்து வாம்பயரான லூசியை ஆப்படித்துக் கொல்கிற காட்சி நாவலில் இல்லையா? அதையும் இல்லை என்பீர்களா?

3. பழுப்புத்தாள்

இருக்கிறது. செப்டம்பர் 29. ஆனால் அடித்தவர் வான் ஹெல்சிங் இல்லை, லூசியைக் கட்டிக்கொள்ள இருந்த ஆர்தர். இதுவும் உங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் காட்சியையும் "ஒரே அடி" என்று சுருக்க முடியாது. வான் ஹெல்சிங்கின் பையிலிருந்து வருவதை வரிசையாகப் பாருங்கள். பற்றவைக்கும் இரும்பு, ஈயப்பற்று, நீலச்சுடர் விடும் சின்ன எண்ணெய் விளக்கு, அறுவைக் கத்திகள். கடைசியாகத்தான் ஆப்பு. கனம் இரண்டரை முதல் 3 அங்குலம், நீளம் சுமார் 3 அடி, முனை நெருப்பில் கருக்கிக் கூராக்கியது. கூடவே நிலக்கரிக் கட்டி உடைக்கும் வீட்டுச் சுத்தியல். ஆப்பு இடக்கையில், சுத்தியல் வலக்கையில். அடித்த பிறகு வெளியே நிற்கும் பகுதியை ரம்பத்தால் அறுத்துவிட்டு முனையை உள்ளேயே விடுகிறார்கள். தலையை வெட்டி வாயில் பூண்டு திணித்து, ஈயப்பெட்டியைப் பற்றவைத்து மூடி, மேல்மூடியைத் திருகாணி போட்டு முடுக்குகிறார்கள். முதலில் அந்த ஈயத்தகட்டை வெட்டும்போதுகூட, ஒரு வாரப் பிணத்தின் வாயு பீறிட்டு வரும் என்று குழுவிலுள்ள மருத்துவர் சீவர்ட் பின்வாங்குகிறார்.

படங்களையும் சொல்லிவிடுகிறேன். 1931 படத்தில் வான் ஹெல்சிங் ஆப்படிப்பது திரைக்கு வெளியே, முனகல் சத்தம் மட்டும் கேட்கும். 1958 படத்தில் வான் ஹெல்சிங்காக வரும் பீட்டர் குஷிங் மேசைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழிக்கிறார், இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்குகிறார். டிராகுலாவைக் கொல்வது வெயில். அங்கேயும் ஆப்பு இல்லை. உங்கள் "ஒரே அடி" எந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது?

4. மண்டையோடு73

1958 படத்தை வைத்தே ஒரு விஷயம் சொல்கிறேன். அதில் ஹார்க்கர் தானே வேட்டைக்கு வந்தவர். சவக்கிடங்கில் இரண்டு பெட்டி. முதலில் ஒன்றில் கிடக்கும் பெண் வாம்பயருக்கு ஆப்படிக்கிறார். அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது, டிராகுலாவின் பெட்டி காலி. வரிசை தப்பியது, ஆள் காலி. எதை முதலில் செய்வது என்று தெரிந்தவன்தான் வேட்டைக்காரன். அதில் பழுப்புத்தாள் பக்கம்தான் நான்.

ஆனால் இரண்டு பேரும் வெள்ளைக்காரப் புரொபசரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். 1973 ஜூலையில் 'டிராகுலாவின் கல்லறை' காமிக்ஸ் 10ஆம் இதழில் பிளேடு என்ற வாம்பயர் வேட்டைக்காரர் வந்தார். மார்வ் வுல்ஃப்மன் எழுத்து, ஜீன் கோலன் படம். லண்டன் துறைமுகத்தில் மரக்கத்திகளை வீசியே ஆட்களைச் சாய்ப்பார். ஆப்பும் கத்தியும் ஒரே பொருளாகிவிட்டது, உங்கள் சண்டை அங்கேயே முடிந்தது. இரத்தக்காட்டேரிக்கும் மனுஷிக்கும் பிறந்தவன், அதனால் ரெண்டு உலகமும் தெரியும். கவர்ச்சி அதில்.

5. பழுப்புத்தாள்

தவறு. காமிக்ஸ் பிளேடு வாம்பயருக்குப் பிறந்தவர் அல்ல. பிரசவ வேளையில் தாயை வாம்பயர் கடித்தது, அதனால் வந்த மாற்றம் அது. வாம்பயருக்குப் பிறந்த மகன் பால்கன் நாட்டார் நம்பிக்கையில் வருகிற "தம்பீர்". மற்றவர் கண்ணுக்குத் தெரியாத வாம்பயர் அவன் கண்ணுக்குத் தெரியும், ஊரார் கூலி கொடுத்துக் கூட்டிவருவார்கள். இரண்டும் வேறு. போன மாதம் 'கார்மில்லா' இழையிலும் இதைச் சொன்னேன், காதில் விழவில்லை.

6. அமாவாசை

ஆப்பு, ஆப்பு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அது உடம்பில் எப்படி இறங்கும் என்று யாராவது யோசித்தீர்களா?

விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளி ஏறக்குறைய 2 செ.மீ. 3 அங்குலம் என்றால் ஏழரை செ.மீ.க்கு மேல். அது நடுவில் நுழையாது, இரண்டு விலாவை முறித்துக்கொண்டுதான் போகும். நடு நெஞ்செலும்பு மேல் வைத்தால் வழுக்கும். அதன் இடது ஓரம், குருத்தெலும்பு இருக்கிற இடம்தான் வழி. லூசிக்கு வயது இருபதை ஒட்டித்தான், குருத்தெலும்பு இறுகியிருக்காது, அதனால் இறங்கியது என்று ஒப்புக்கொள்ளலாம். அதே ஆப்பைக் கிழவன் நெஞ்சில் அடித்தால் முனை உடையும்.

கருக்குவதிலும் பக்குவம் உண்டு. தணலுக்கு மேலே முனையைத் திருப்பிக்கொண்டே இருந்து ஈரத்தை ஓட்டவேண்டும். சுடரில் வைத்தால் வெளியே கரியாகி உதிரும். கருக்கிய மரம் கொஞ்சம் கடினமாகும், கூடவே நொறுங்கவும் செய்யும். அடிபடுகிற தலைப்பக்கம் நார்நாராக விரிந்து பிளக்கும். தச்சர் உளிப்பிடியில் இரும்புப் பூண் போடுவது எதற்கு? வான் ஹெல்சிங் ஆப்பில் பூண் இல்லை. 3 அடி ஆப்பை ஒரு கையால் பிடித்து மறு கையால் அதன் தலையில் அடிக்க, ஆள் மேலேயும் பெட்டி நன்றாகத் தாழவும் இருக்கவேண்டும். பஃபி என்ற வேட்டைக்காரி வருகிற தொலைக்காட்சித் தொடரில் முழங்கைகூட வராத குச்சியை ஒரு கையால் குத்திச் சாய்ப்பது எந்தக் கணக்கிலும் வராது.

நீளம் ஏன் 3 அடி? கொல்வதற்கு அவ்வளவு தேவையில்லை. பழைய வழக்கில் ஆப்பு கொல்கிற ஆயுதமே அல்ல, அது முளை. மாட்டைக் கட்டுகிற முளை மாதிரி, பிணத்தைத் தரையோடு சேர்த்து அறைந்து எழவிடாமல் செய்வது. 2012இல் பல்கேரியாவின் சோசோபோலில் நெஞ்சில் இரும்புக்கோல் இறங்கிய எலும்புக்கூடுகள் கிடைத்தன, அதுவும் இதற்குத்தான். இரும்பு அங்கே ஆகும் என்றால் பௌவி கத்தி ஆகாது என்று சொல்ல வழியில்லை.

7. கோட்டைக்காவலன்

அமாவாசை, நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள், கவனித்தீர்களா? ஆப்பு எழவிடாமல் பிடித்துவைக்கிற முளை. பௌவி கத்தி எங்கே பிடித்துவைத்தது? குத்தினார்கள், தூசானான், முடிந்தது. பிணம் இல்லை. வாயில் பூண்டு இல்லை. பற்றவைக்கவில்லை. லூசிக்கு அவ்வளவு பக்குவம் செய்த வான் ஹெல்சிங் பெரியவனுக்கு ஒன்றுமே செய்யவில்லை. அப்படியென்றால் டிராகுலா செத்தானா?

வான் ஹெல்சிங்கே சொல்கிறார், அவன் நிலவொளியில் தூசாக வருவான் என்று. தூசானவன் செத்தவன் அல்ல, தப்பியவன். பழுப்புத்தாள் சார் தலைமேல் வைத்து ஆடுகிற கத்தி அவனைக் கொல்லவே இல்லை. ஆப்பு இல்லாததால்தான் கொல்லவில்லை. என் கட்சி இப்போது இன்னும் பலம்.

8. பழுப்புத்தாள்

நேற்று "ஆப்பால் கொன்றார்", இன்று "சாகவே இல்லை". எது உங்கள் கட்சி?

தூசுக்கு வருகிறேன். முந்தின நாள், நவம்பர் 5, வான் ஹெல்சிங் கோட்டைக்குள் தனியாகப் போய் மூன்று பெண் வாம்பயர்களைக் கொல்கிறார். அங்கே ஆப்பு உண்டு, அடித்தவரும் அவரேதான். இவ்வளவு பேசிய நீங்கள் அந்தக் காட்சியை ஒரு தடவைகூடக் குறிப்பிடவில்லை. தலையை வெட்டியதும் உடல் கரைந்து தூசாகிறது. பல நூறு ஆண்டு முன்பே வந்திருக்கவேண்டிய சாவு இப்போது வந்து சேர்ந்தது என்று அவரே எழுதுகிறார். பழைய வாம்பயர் செத்தால் தூசு. லூசி ஒரு வாரத்துப் பிணம், அதனால் தூசாகவில்லை. நவம்பர் 6 தூசும் அதே தூசு. டிராகுலா தீண்டியதன் அடையாளமாக இருந்த மினாவின் நெற்றித் தழும்பு மறைந்துபோனதை மாரிஸ் சாகும்போது கைகாட்டுகிறார். டிராகுலா உயிரோடிருந்தால் தழும்பு எப்படி மறையும்?

ஆப்பு அவனுக்குத் தேவை என்றும் எங்கும் இல்லை. வான் ஹெல்சிங் தருகிற பட்டியலில் பெட்டிமேல் காட்டுரோஜாக் கிளை வைத்தால் வெளியே வரமாட்டான், மந்திரித்த குண்டைப் பெட்டிக்குள் சுட்டால் சாவான், ஆப்பும் ஆகும், தலையை வெட்டினாலும் ஆகும். பல வழியில் ஒன்று ஆப்பு.

அந்த நவம்பர் 5இல் வேட்டைக்காரன் எப்படி வேலை செய்கிறான் என்று பாருங்கள். வெரெஸ்டியில் வாங்கிய கொல்லன் சுத்தியலால், திறந்தே கிடக்கிற கதவுகளைக்கூடத் துருப்பிடித்த கீலோடு பெயர்த்துப் போடுகிறார். யாராவது சாத்திவிட்டால் வெளியே வரமுடியாதே. வெளியே மினாவைச் சுற்றி நற்கருணை அப்பத்தை உதிர்த்து வட்டம் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். கதவைப் பெயர்க்கிற அந்த ஒரு வரிக்கு இணையாக எந்தச் சினிமா அடியையும் நான் வைக்கமாட்டேன்.

9. யாழ்வாசகன்

பழுப்புத்தாள் ஐயா சொல்லுறது பாதிதான் சரி. கோட்டைக்காவலன் பிழையான காரணத்தைச் சொல்லிச் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

தூசை விடுங்கோ, நேரத்தைப் பாருங்கோ. 18ஆம் அத்தியாயத்தில் வான் ஹெல்சிங் சொல்லுற விதி எண்டால், தன்ர இடத்தில் இல்லாத வாம்பயர் உருமாற ஏலும் நேரம் மூண்டுதான்: உச்சிப்பொழுது, சரியாச் சூரியன் உதிக்கிற கணம், சரியா மறையிற கணம். கத்தி விழுந்தது எப்ப? சூரியன் மறையிற நேரம். கண்ணில வெறுப்புப் போய் வெற்றிக்களை வந்தது எண்டு மினா எழுதுறா. தான் தப்பப் போறன் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அச்சுக்குப் போக முந்தி இருந்த தட்டச்சுப் பிரதியில கோட்டையே வெடிச்சு விழுற முடிவு ஒண்டு இருந்தது. அதைப் பிறகு வெட்டிப் போட்டினம். ஏன் வெட்டினவை?

10. பழுப்புத்தாள்

உச்சிப்பொழுது, உதயம், அஸ்தமனம் என்ற விதியைச் சரியாகச் சொன்னீர்கள். பக்கத்தை மட்டும் சரியாகப் படிக்கவில்லை. வெற்றிக்களை வந்த அந்தக் கணத்திலேயே கத்தி விழுகிறது. விழுந்த பிறகும் இறங்கும் சூரியனின் ஒளியில் கோட்டையின் உடைந்த மதில் கல்லுக்குக் கல் தெரிகிறது என்று மினா எழுதுகிறாள். அதற்கும் பிறகு சூரியன் மலை உச்சியில் நிற்கிறது, செங்கதிர் அவள் முகத்தில் விழுகிறது. அதாவது மறையவில்லை. மறைவதற்குச் சில நொடி முன்னால் முடித்துவிட்டார்கள். மாற முடியாத நேரத்தில் கழுத்தும் நெஞ்சும் ஒன்றாக. இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது?

11. செங்காந்தள்

ஆண்கள் ஐந்து பேர் கத்தியா ஆப்பா என்று அடித்துக்கொள்கிறீர்கள். வேட்டையை நடத்தியவள் மினா. சீவர்டின் ஒலிப்பதிவு உருளைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தது, கணவன் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பை எடுத்தெழுதியது, எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து எல்லோர் கையிலும் படி கொடுத்தது அவள். டிராகுலா தப்பிப்போன கப்பலுக்காக வர்னா துறைமுகத்தில் அக்டோபர் 15 முதல் காத்திருந்தார்கள். 28ஆம் தேதி கப்பல் வேறு துறைமுகமான கலாட்ஸுக்குப் போய்விட்டது என்று தந்தி. ஆண்கள் திகைத்து நிற்கும்போது அடுத்த ரயில் காலை ஆறரைக்கு என்று சொன்னவள் யார்? செரெத் ஆறு, பிஸ்ட்ரிட்சா ஆறு என்று நீர்வழியைக் கணக்கிட்டது யார்? அவள் சொன்ன வழியில்தான் படகில் இருவர், குதிரையில் இருவர் போனார்கள்.

அவளை ஒதுக்கிவைத்தபோது என்ன ஆனது? "பெண்ணுக்கு இது வேண்டாம்" என்று கூட்டத்திலிருந்து அனுப்பினார்கள், அந்த நாட்களிலேயே டிராகுலா அவளிடம் வந்தான். உங்கள் வான் ஹெல்சிங்கின் பெரிய குறையே வாயைத் திறக்காததுதான். ஹார்லெமிலிருந்து பூண்டுப் பூ வரவழைத்து லூசியின் அறை முழுக்க அப்பினார். ஏன் என்று லூசியின் அம்மாவிடம் சொல்லவில்லை. நாற்றம் தாங்காமல் அந்த அம்மாள் பூவை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தாள். அடுத்து, லூசிக்கு இரவு காவலிருக்கச் சொல்லி ஆன்ட்வெர்ப்பிலிருந்து சீவர்டுக்கு அடித்த தந்தியில் கவுண்டி (மாவட்டம்) பெயர் இல்லை. அது சசெக்ஸ் கார்ஃபாக்ஸுக்குப் போய் 22 மணி நேரம் தாமதமாக வந்தது. அந்த இரவுதான் ஓநாய் ஜன்னலை உடைத்தது. ஒரு பெண் செத்தது கத்தியாலும் அல்ல ஆப்பாலும் அல்ல, முகவரி சரியாகப் போடாததால்.

இதையெல்லாம் பார்த்துத்தான் பஃபி எனக்குப் பிடிக்கும். 1997 முதல் 2003 வரை 144 பாகம். சந்தில் கடிபட்டுச் சாகிற பெண்ணே வேட்டைக்காரி. அமாவாசை குச்சியின் நீளத்தை அளந்துகொண்டிருக்கட்டும்.

12. அமாவாசை

குச்சியின் நீளத்தை அளந்தது தப்பா? நாலு பேர் இரத்தத்தை லூசிக்கு ஏற்றினார்களே, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்தர், சீவர்ட், வான் ஹெல்சிங், மாரிஸ், பத்துப் பன்னிரண்டு நாளுக்குள். ஆர்தரின் இரத்தம் சுத்தம், அதனால் இரத்தத்தை உறையவைக்கும் நார்ப்பொருளைக் கடைந்து எடுக்கத் தேவையில்லை என்கிறார் வான் ஹெல்சிங். இரத்தப் பிரிவு என்று ஒன்று இருப்பதை லாண்ட்ஸ்டைனர் 1901இல்தான் வெளியிட்டார். பிரிவு ஒத்துவராமல் ஒருமுறை ஏறினாலே நடுக்கம், முதுகுவலி, கறுத்த சிறுநீர், சிறுநீரகம் நிற்பது. நாலு முறை தாங்கியது கதை என்பதால்.

1998 பிளேடு படத்தில் ஈடிடிஏ மருந்தை ஏற்றினால் வாம்பயர் வீங்கி வெடிக்கும். பரிசோதனைக் கூடத்தில் ஊதா மூடிக் குழாயில் இருப்பது அதே பொருள்தான். இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உறையாமல் வைக்கும், அவ்வளவே. இருந்தாலும் உண்மையில் இருக்கிற ஒரு பொருளை எடுத்து ஆயுதமாக்கினார்களே, அந்த முறை எனக்குப் பிடிக்கும். ரிச்சர்ட் மாத்திசனின் 1954 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில் நாயகன் நெவில் செய்வதும் அதுதான். பகலில் கடைசல் இயந்திரத்தில் ஆப்பு கடைவான், இரவில் நுண்நோக்கியோடு உட்கார்ந்து ஆப்பு ஏன் வேலை செய்கிறது, குண்டு ஏன் செய்வதில்லை என்று பார்ப்பான். அந்தக் கதையில் வாம்பயராக்குகிற கிருமி ஒருவிதப் பசையால் சின்னத் துளையை மூடிவிடும், பெரிய துளையில் காற்றுப் புகுந்தால் மூடமுடியாது. ஆப்பு என்றால் அப்படிக் காரணத்தோடு வரவேண்டும்.

13. கோட்டைக்காவலன்

பார்த்தீர்களா, நெவிலும் ஆப்பு. பஃபியும் ஆப்பு. பிளேடும் மரக்கத்தி, அதாவது ஆப்பு. 1872 வாம்பயர் கதை கார்மில்லாவும் ஆப்பு. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் கத்தி, அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் எல்லோரையும் வாத்தியார் மாதிரி திருத்துகிறார்.

14. பழுப்புத்தாள்

1872 என்று இன்று சரியாக எழுதினீர்கள். போன மாதம் கார்மில்லா டிராகுலாவைப் பார்த்து எழுதியது என்றீர்கள். 25 வருஷ வித்தியாசம். அதைத் திருத்தியதற்காகத்தான் இந்தக் கோபமெல்லாம் என்பது எனக்குத் தெரியும்.

கார்மில்லாவில் ஆப்பு மட்டும் இல்லை. ஆப்பு அடித்து, தலையை வெட்டி, இரண்டையும் விறகில் எரித்து, சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். ஆப்பு போதாது என்பதற்கு அதுவே சாட்சி. இன்னும் பழைய சாட்சி, இன்றைய குரோஷியாவிலுள்ள இஸ்ட்ரியாவின் கிரிங்கா கிராமம், 1672. செத்து 16 வருஷமாகியும் வாம்பயராக வருகிறான் என்று ஊரார் நம்பிய யூரே கிராண்டோவைத் தோண்டி எடுத்து முள்மர ஆப்பை அடித்தார்கள். உள்ளே இறங்காமல் எகிறியது. கடைசியில் தலையை அறுத்துத்தான் முடித்தார்கள். வரலாறு எழுதிய வால்வாசர் இதை 1689இல் அச்சிட்டிருக்கிறார். ஆப்பு தோற்ற இடத்தில் வெட்டு ஜெயித்தது. நவம்பர் 6இல் கழுத்துக்குத்தான் குக்ரி போனது என்பதை மறக்கவேண்டாம்.

15. மண்டையோடு73

கிராமம் கிராமமாகப் போகிறீர்களே, நம்ம ஊரில் பேய் பிடித்தவர் உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணி அடித்து நிறுத்துவதும் இதே முளை வேலைதான். இரத்தக்காட்டேரியை அடக்க நம்மிடமும் முறை இருக்கிறது.

16. யாழ்வாசகன்

உந்த "இரத்தக்காட்டேரி" எண்ட சொல்லை நிப்பாட்டுங்கோ. ரெண்டு தரம் எழுதிப்போட்டீங்கள். காட்டேரி அம்மனைக் கும்பிட்டுப் படையல் வைக்கிற குடும்பங்கள் இருக்கு, கயானா வரைக்கும் கொண்டுபோய்க் கும்பிடினம். டிராகுலாவுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வாம்பயர் எண்டே எழுதலாம்.

17. மண்டையோடு73

டப்பிங் படம் முழுக்க அந்தச் சொல்தான். நான் கண்டுபிடித்ததா? சொல்லைப் பிடித்துக்கொண்டு பிளேடை விட்டுவிட்டீர்கள்.

18. செங்காந்தள்

படத்தில் வந்தால் சரியாகிவிடுமா? அது தெய்வத்தின் பெயர். யாழ்வாசகன் சொல்வதுதான் நியாயம்.

19. இழை நடத்துநர்

சொல் பற்றிய பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைத் தாக்காதீர்கள். தலைப்பு, வேட்டைக்காரனின் கவர்ச்சி.

20. கோட்டைக்காவலன்

தலைப்புக்கே வருகிறேன். மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆப்புதான். பழைய "வாம்பயர் வேட்டைப் பெட்டி" என்று ஏலத்தில் வருகிறதே, உள்ளே சிலுவை, கைத்துப்பாக்கி, சுத்தியல், ஆப்பு. 2012இல் பிரிட்டனின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகமே 7,500 பவுண்டு கொடுத்து ஒன்று வாங்கியது. கூலிச்சீட்டுக்கு யார் 7,500 கொடுப்பார்?

21. பழுப்புத்தாள்

அந்த வாதம் எனக்குத்தான் உதவும். அப்படிப்பட்ட பெட்டிகள் வேட்டைக்காரர் யாரும் சுமந்தவை அல்ல. படம் பார்த்தவர்களுக்காகப் பழைய சாமான்களைச் சேர்த்துப் பிற்காலத்தில் கட்டியவை என்றுதான் அவற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சினிமா ஆப்பை நம்பியவர்களுக்கு விற்ற பெட்டி.

உண்மையில் வாம்பயர் பேச்சை விசாரிக்கப் போனவர் யார்? 1732இல் ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் செர்பியாவின் மெத்வேஜா கிராமத்தில் பிணங்களைத் தோண்டி, எது அழுகியது, எது அழுகவில்லை என்று ஒவ்வொன்றாக அறிக்கை எழுதினார். 1755இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஹெரார்ட் வான் ஸ்வீட்டனை விசாரிக்கவைத்தார். அவர் லைடன்காரர், டச்சுக்காரர். அவர் அறிக்கைக்குப் பிறகு பிணத்தைத் தோண்டி ஆப்படிப்பதையே அரசி தடைசெய்தார். வான் ஹெல்சிங்கும் டச்சு மருத்துவர்தான். ஏட்டோடும் கண்ணாடியோடும் போகிற ஆள் அவர், அந்தப் பரம்பரை அது. ஆப்புப் பரம்பரை இல்லை.

22. அமாவாசை

ஃப்ளூக்கிங்கர் அறிக்கையில், ஐந்து வருஷம் முன்பு வாம்பயர் என்று ஊரார் தோண்டிய ஆர்னோல்ட் பாவ்லேக்கு ஆப்படித்தபோது முனகினான், இரத்தம் வந்தது என்று இருக்கிறது. அழுகும் உடம்பில் வாயு உப்பியிருக்கும். நெஞ்சில் அழுத்தினால் காற்றுக் குரல்வளை வழியாக வெளியேறி முனகலாகக் கேட்கும். 1931 படத்தில் திரைக்கு வெளியே கேட்கிற முனகல் அங்கிருந்து வருகிற சங்கிலிதான். அதை யாராவது பேசுங்கள்.

23. கோட்டைக்காவலன்

முனகல் வந்தது எதனால்? ஆப்பினால். நன்றி.

பழுப்புத்தாள் சார், ஒரே கேள்வி. ஆப்பு இல்லாத வாம்பயர் வேட்டைப் புத்தக அட்டை ஒன்று காட்டுங்கள்.

24. பழுப்புத்தாள்

1897, கான்ஸ்டபிள் நிறுவனம், லண்டன். மஞ்சள் துணி அட்டை, சிவப்பு எழுத்து. ஆப்பு இல்லை.

25. கோட்டைக்காவலன்

வேட்டைக்காரனும் இல்லை.

26. செங்காந்தள்

மினாவைப் பற்றி எழுதியதற்கு இருவரும் ஒரு வரி பதில் சொல்லவில்லை. 22 மணி நேரத் தந்தி யார் தவறு?

27. பழுப்புத்தாள்

தந்தி வான் ஹெல்சிங்கின் தவறு என்று நாவலே சொல்லவில்லை. கவுண்டி பெயர் எழுதப்படவில்லை என்றுதான் குறிப்பு, எழுதாமல் விட்டது அவரா தந்தி அலுவலகமா என்று இல்லை. மினாவின் பங்கை நான் மறுக்கவே இல்லை. கூலிச்சீட்டு, கணக்கு, வழி என்று முதல் பதிவிலிருந்து நான் சொல்வது அவள் செய்த வேலையைத்தான். உங்களுக்கும் எனக்கும் இதில் சண்டையே இல்லை.

28. செங்காந்தள்

முதல் பதிவில் "மினாவுக்குக் காவல்" என்று ஒரே ஒரு இடத்தில்தான் அவள் பெயர் வருகிறது. மேலே போய்ப் பாருங்கள்.

29. யாழ்வாசகன்

ஐயா, சூரியன் மலை உச்சியில நிக்கிறது எண்டு நீங்கள் சொன்ன வரி கத்தி விழுந்த பிறகு எழுதினது. மலைக்கு மேல நிண்டு பாக்கிற மினாவுக்குத் தெரியிற சூரியன், கீழ பள்ளத்தில பெட்டிக்குள்ள கிடக்கிறவனுக்கும் அதே நேரத்தில தெரியுமோ? அவனுக்கு எப்ப அஸ்தமனம்?

30. பழுப்புத்தாள்

அவன் கண் இறங்கும் சூரியனைப் பார்த்தது என்று அதே பத்தியில் இருக்கிறது. அவனுக்கும் தெரிந்தது. அத்தோடு, உடல் கரையும்போது முகத்தில் அமைதி வந்தது என்று மினா எழுதுகிற வாக்கியத்தில் "இறுதிக் கரைவு" என்றே சொல் இருக்கிறது. இறுதி.

31. கோட்டைக்காவலன்

கரைவு என்றுதான் இருக்கிறது, சாவு என்று இல்லை. லூசிக்கும் அந்த மூன்று பெண்களுக்கும் சாவு என்ற சொல் வருகிறது, அவனுக்கு வரவில்லை. வருகிற இடத்தைக் காட்டுங்கள்.

32. பழுப்புத்தாள்

மினாவின் நவம்பர் 6 குறிப்பு, கடைசி இரண்டு பத்தி. தழும்பு. மறுபடியும் படியுங்கள்.

33. கோட்டைக்காவலன்

படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். சொல் எங்கே?